ரெட்டைப் பிள்ளைகளும் அஞ்சாம் மாச ஸ்கேனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் அறையில் செவிலியராக இருக்கிறேன். குடியாத்தம், ஒடுகத்தூர், ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் என்று பல ஊர்களிலிருந்தும், எல்லை தாண்டிச் சித்தூரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். வயிற்றில் ரெட்டை என்று தெரிந்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே மருத்துவரிடம் கேட்கக் கூச்சம். வெளியே வந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டே என்னிடம் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். 4ஆவது கேள்வியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். மற்ற பதில்கள் பாதிக்குமேல் அதை வைத்துத்தான் நிற்கின்றன.

1. மூணாம் மாசமே ஸ்கேன் எடுத்தாச்சே, அஞ்சாம் மாசம் இன்னொண்ணு இன்னாத்துக்கு?

இரண்டும் வேறு வேலை. மூன்றாம் மாத ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் எடுப்பது. எத்தனை கரு, எத்தனை வாரம், நஞ்சு (நஞ்சுக்கொடி) எத்தனை, கழுத்துக்குப் பின்னால் நீர் எவ்வளவு என்று அதில் பார்ப்பார்கள். அந்த வயதில் பிள்ளையின் இதயமும் மூளையும் விவரமாகப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்காது.

அஞ்சாம் மாத ஸ்கேன் உறுப்புகளைப் பார்ப்பது. தலை, மூளை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய்கள், இரைப்பை, சிறுநீரகம், கை, கால் என்று வரிசையாகப் பார்த்து அளவு எடுப்பார்கள். சீட்டில் அனாமலி ஸ்கேன் என்றோ டார்கெட் ஸ்கேன் என்றோ டிஃபா என்றோ எழுதியிருக்கும், எல்லாம் ஒன்றுதான். 18 முதல் 20 வாரம் நல்ல நேரம், 22 வாரம் வரை எடுப்பதுண்டு. மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "அஞ்சு முடிஞ்சி ஆறு நடக்குது" என்று சொல்லிக்கொண்டு 24 வாரத்தில் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ரெட்டைக்கு இதையெல்லாம் இரண்டு தடவை பார்க்க வேண்டும். அதோடு ஒரு பிள்ளையை இன்னொன்றோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். ஒற்றைப் பிள்ளைக்கு இல்லாத வேலை இந்த ஒப்பிடுதல்தான்.

2. வெறும் வயித்துல வரணுமா? தண்ணி குடிச்சி அடக்கிகினு உக்காரணுமா?

இரண்டும் வேண்டாம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்குச் சொன்னதை இதற்கும் எடுத்துக்கொண்டு, பேரணாம்பட்டிலிருந்து காலை முதல் பட்டினியாக வந்து வரிசையில் மயங்கி விழுகிற பெண்களைப் பார்க்கும்போது மனசு பதறும். கையில் தண்ணீர் பாட்டிலும் பழமோ பிஸ்கெட்டோ இருக்கட்டும்.

நேரம் அதிகமாகும். ஒரு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் கிடந்தால் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். சில சமயம் இன்னொரு நாள் வரச் சொல்வதும் உண்டு. அதைக் கெட்ட சேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை முகத்தைக் காட்டவில்லை என்பதுதான் விஷயம். நேராக மல்லாந்து படுத்திருக்கும்போது தலை சுற்றினாலோ வியர்த்தாலோ உடனே சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் வருவது அது. இடப்பக்கம் ஒருக்களித்தால் சரியாகிவிடும்.

மருத்துவரின் சீட்டு, ஆதார், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய தாய் சேய் அட்டை இவற்றோடு பழைய ஸ்கேன் அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அதிலும் மூன்றாம் மாத அறிக்கையை மறக்கவே கூடாது. காரணம் 4ஆவது பதிலில்.

3. ஸ்கேன் கதிரு புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு மாமியா சொல்றாங்க. ரெட்டைன்னு அடிக்கடி வேற எடுக்கறாங்களே?

இதில் கதிர் எதுவும் இல்லை. எக்ஸ்ரேயும் சி.டி.யும் கதிர் வைத்து எடுப்பவை. இது காதுக்குக் கேட்காத ஒலி. உள்ளே போய் மோதித் திரும்பி வருவதை வைத்துப் படம் வரைகிறது. மருத்துவக் காரணத்துக்காக எத்தனை தடவை எடுத்தாலும் பிள்ளைக்குத் தீங்கு வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை. மாமியாரையும் ஒரு தடவை கூட அழைத்து வந்து மருத்துவரிடம் நேரில் கேட்க வையுங்கள். அவர் பயமும் பேரப் பிள்ளைகள்மேல் இருக்கும் அக்கறைதான்.

4. நஞ்சு ஒண்ணா ரெண்டான்னே எல்லாரும் கேக்கறீங்களே, அதுல அப்படி இன்னா இருக்குது?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. நஞ்சுக்கொடி என்பது கர்ப்பப்பையில் ஒட்டிக்கொண்டு தாயின் ரத்தத்திலிருந்து உணவையும் உயிர்க்காற்றையும் வாங்கிப் பிள்ளைக்கு அனுப்புவது. ரெட்டைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நஞ்சு இருக்கலாம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நஞ்சும் இருக்கலாம். ஆளுக்கொன்று இருந்தால் அவரவர் சாப்பாடு அவரவருக்கு. ஒரே நஞ்சு என்றால் அதற்குள் இரண்டு பிள்ளைகளின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய் வரும்.

நம் பக்கத்தில் பங்காளிகள் இரண்டு பேர் ஒரே கிணற்றில் ஆளுக்கொரு மோட்டார் வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அளவாக ஓடினால் வம்பில்லை. ஒன்று அதிகமாக இழுத்தால் ஒருவன் நிலம் காயும், இன்னொருவன் பயிர் தண்ணீர் நின்று அழுகும். இழுக்கிறவனுக்கும் அது நல்லதில்லை.

ஆகவே பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்ற கேள்விக்குச் சமமாக நஞ்சு எத்தனை என்ற கேள்வியும் முக்கியம். எத்தனை நாளுக்கு ஒரு ஸ்கேன், எந்த மருத்துவமனை, எந்த வாரம் பிரசவம், ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் வந்தால் இன்னொன்றுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஒரு பதிலைப் பொறுத்தது. கணவர், அம்மா, கூட வருகிற அண்ணி எல்லாருக்கும் அது மனப்பாடமாக இருக்கட்டும். இரவு 2 மணிக்கு 108 வண்டியில் ஏறினால்கூட, "ரெட்டை, ஒரே நஞ்சு" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

5. ரிப்போர்ட்டுல டி.சி.டி.ஏ.ன்னு போட்டிருக்குது. நல்லதா கெட்டதா?

ஆளுக்கொரு நஞ்சு, ஆளுக்கொரு பனிக்குடம் என்று அர்த்தம். ரெட்டையில் இதுதான் சிக்கல் குறைந்த வகை, எண்ணிக்கையிலும் இதுவே அதிகம்.

எம்.சி.டி.ஏ. என்றால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதாவது சாப்பாடு பொது, அறை தனித்தனி. இதற்குத்தான் கண்காணிப்பு அதிகம். எம்.சி.எம்.ஏ. என்றால் நஞ்சும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. இது அபூர்வம். நடுவில் திரை இல்லாததால் இரண்டு தொப்புள்கொடியும் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இவர்களைக் கருவியல் நிபுணர் (வயிற்றில் இருக்கும் பிள்ளைகளுக்கான சிறப்பு மருத்துவர்) உள்ள பெரிய மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும். 32 முதல் 34 வாரத்துக்குள் அறுவை செய்து எடுப்பதே வழக்கம்.

6. மூணாம் மாசம் எடுத்த ரிப்போர்ட்டு தொலைஞ்சி போச்சி. இப்ப பார்த்தா நஞ்சு எத்தனைன்னு தெரியாதா?

சில பேருக்குத் தெரியும், சில பேருக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. 14 வாரத்துக்குள் பார்த்தால் நடுத்திரை நஞ்சில் சேரும் இடம் தெளிவாக இருக்கும். இரண்டு நஞ்சு என்றால் அந்த இடத்தில் ஆப்பு போலத் தடித்திருக்கும், ஒரே நஞ்சு என்றால் திரை மெல்லியதாக நேர்க்குத்தாக நிற்கும். நாளாக ஆக அந்த ஆப்பு மங்கிவிடும். இரண்டு தனி நஞ்சுகள் அடுத்தடுத்து வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே தெரிவதும் உண்டு.

எடுத்த இடத்திலேயே நகல் கேளுங்கள். பதிவு எண்ணும் தேதியும் சொன்னால் பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். கிடைக்காவிட்டால், அல்லது அந்த அறிக்கையில் நஞ்சைப் பற்றி எழுதவே இல்லை என்றால், சந்தேகம் தீரும் வரை ஒரே நஞ்சு என்று வைத்துக்கொண்டே பார்ப்பார்கள். ஸ்கேன் கூடுதலாகும். அந்த அலைச்சல் பரவாயில்லை; மாற்றி நினைத்தால்தான் ஆபத்து.

இதைப் படிக்கிறவர் இன்னும் மூன்றாம் மாதத்தில் இருந்தால், மேசையைவிட்டு எழுந்திருக்கும் முன்பே "நஞ்சு எத்தனைன்னு எழுதிட்டீங்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

7. ரெட்டை வாழைப்பழம் தின்னதாலதான் ரெட்டை ஆச்சின்னு சொல்றாங்க. ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குமா?

பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு முட்டை தனித்தனியாகக் கருவானால் அண்ணன் தம்பி சாயல்தான் இருக்கும். ஒரு முட்டை கருவாகி இரண்டாகப் பிரிந்தால் அச்சு அசலாக இருக்கும். தாய் வழியில் ரெட்டை இருந்தாலும், தாய்க்கு வயது கூடியிருந்தாலும், குழந்தைக்காக மருந்தோ சிகிச்சையோ எடுத்திருந்தாலும் இரண்டு முட்டை வகைக்கு வாய்ப்பு கூடும்.

ஒரே நஞ்சு என்றால் ஒரு முட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் இரண்டு நஞ்சு இருப்பதால் சாயல் வேறாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. முட்டை முதல் 3 நாளுக்குள் பிரிந்துவிட்டால் ஒரு முட்டைப் பிள்ளைகளுக்கும் இரண்டு நஞ்சு வளரும்.

8. ஆணா பொண்ணான்னு கேக்கல சிஸ்டர். ரெண்டும் ஒரே ஜாதியா, வேற வேறயான்னு மட்டும் சொல்லுங்களேன்?

இதுவும் அதே கேள்விதான். சொல்ல மாட்டோம். 1994இல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி வாயாலோ சைகையாலோ எந்த வகையிலும் தெரிவிக்கக் கூடாது. சொல்கிற மருத்துவருக்கு முதல் தடவையே 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. சொல்லச் சொல்லிக் கேட்கிற குடும்பத்தாருக்கும் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 50,000 ரூபாய் வரை. வயிற்றுப் பிள்ளைக்காரியைக் குடும்பம் கட்டாயப்படுத்தியிருக்கும் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஸ்கேனுக்கு முன் எஃப் படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுவது இதற்காகத்தான்.

நஞ்சு எத்தனை என்று உறுதி செய்ய மருத்துவர் இரண்டு பிள்ளைகளின் பாலினத்தையும் கவனிப்பதுண்டு. அது அவர் கணிப்புக்கு மட்டும். அவர் முகத்தைப் பார்த்துப் படிக்க முயலாதீர்கள். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து, மூன்றாவது தடவை ரெட்டை என்று தெரிந்து அழுகிற பெண்களும் வருகிறார்கள். அவர்களுக்கு அந்த அறையில் வேண்டியது தைரியம். அதை நாங்கள் சொல்லலாம், சொல்வோம்.

9. ஏ பாப்பா, பி பாப்பான்னு எழுதியிருக்காங்க. அப்ப ஏ தான் மூத்ததா?

அடையாளத்துக்கு வைத்த பெயர்தான் அது. வழக்கமாகக் கர்ப்பவாய்க்குக் கிட்டே இருப்பதை ஏ என்பார்கள். அடுத்த ஸ்கேனில் ஆள் மாறிவிடக் கூடாது என்பதால் வலது இடது, மேல் கீழ், நஞ்சு எந்தப் பக்கம், தொப்புள்கொடி எங்கே சேர்கிறது என்றெல்லாம் சேர்த்து எழுதுவார்கள். போன தடவை மெலிந்திருந்தது எது என்று தெரிந்தால்தான் அது வளர்ந்ததா என்று சொல்ல முடியும்.

அறுவை செய்யும்போது பி முதலில் வெளியே வருவதும் நடக்கும். ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் வேண்டும் என்பவர்கள் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.

10. ஒண்ணு 340 கிராமு, இன்னொண்ணு 300 கிராமு. இந்த வித்தியாசம் பரவாயில்லையா?

பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்ததைப் பெரியதன் எடையால் வகுத்து நூற்றால் பெருக்குங்கள். 40ஐ 340ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 12 சதவீதம். ஸ்கேன் எடை என்பது தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளிலிருந்து போடும் கணக்கு. தராசில் நிறுத்தது கிடையாது. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 12 சதவீதத்துக்குப் பயப்பட வேண்டாம், அடுத்த ஸ்கேனில் பார்ப்பார்கள்.

20ஐத் தாண்டினால் மருத்துவர் கவனமாவார், 25ஐத் தொட்டால் கருவியல் நிபுணரிடம் அனுப்புவார். ஒன்று 360, இன்னொன்று 260 என்றால் கிட்டத்தட்ட 28 சதவீதம். அது சும்மா விடுகிற வித்தியாசம் இல்லை. அப்போது தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தை டாப்ளர் வைத்துப் பார்ப்பார்கள். இங்கேயும் 4ஆவது பதில்தான். இரண்டு நஞ்சு என்றால் சின்னப் பிள்ளையின் நஞ்சு மட்டும் பலவீனமாக இருக்கலாம். ஒரே நஞ்சு என்றால் பங்கு சமமாகப் போகவில்லை, அது இரண்டு பேரையும் பாதிக்கிற விஷயம்.

சின்னப் பிள்ளைக்கு மட்டும் எடை ஏற என்ன சாப்பிடலாம் என்று கேட்காத ஆளே இல்லை. தனியாக ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போய்ச் சேராது. பருப்பு, முட்டை, கீரை, கேழ்வரகு என்று நீங்கள் நன்றாகச் சாப்பிடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். ரெட்டைக்கு ரத்தச் சோகை சீக்கிரம் வரும்.

11. ஒரு பாப்பாவுக்குத் தண்ணி கம்மி, இன்னொண்ணுக்கு ஜாஸ்தின்னாங்க. நான் தண்ணி நெறைய குடிச்சா சரியாப்பூடுமா?

முதலில் நஞ்சு எத்தனை என்று பாருங்கள். இரண்டு நஞ்சு என்றால் இதற்குப் பல காரணம் இருக்கலாம், மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரே நஞ்சு என்றால் தண்ணீர் குடித்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே நிபுணரிடம் போக வேண்டும்.

ஒரே நஞ்சு ரெட்டையில் நூற்றில் 10 முதல் 15 பேருக்கு ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றுக்கு ஒருபக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். கொடுக்கிற பிள்ளை காய்ந்து, சிறுநீர் குறைந்து, அதன் பனிக்குட நீர் வற்றும். சில சமயம் திரை உடம்போடு ஒட்டி அசைய முடியாமல் கிடக்கும். வாங்குகிற பிள்ளை அதிகமாகச் சிறுநீர் கழித்து நீர் பெருகும், அதன் இதயத்துக்குப் பாரம் ஏறும். ஒருபக்கம் ஆழமான இடத்தில்கூட நீர் 2 செ.மீ.க்கு மேல் இல்லை, மறுபக்கம் 8 செ.மீ.க்கு மேல் என்றால் இதைத்தான் சந்தேகிப்பார்கள். 20 வாரத்துக்குப் பிறகு மேல் அளவை 10 என்று வைப்பவர்களும் உண்டு. அப்படியே விட்டால் இரண்டு பிள்ளைகளையும் இழக்க நேரும்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மெல்லிய குழாய்க் கருவியைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, நஞ்சின்மேல் இரண்டு பிள்ளைகளையும் இணைக்கும் குழாய்களை லேசரால் அடைக்கிறார்கள். பெரும்பாலும் 16 முதல் 26 வாரத்துக்குள் செய்வது. இதில் பழகிய நிபுணர்கள் சில ஊர்களில்தான் இருக்கிறார்கள். நமக்குச் சென்னையும் பெங்களூரும் எட்டுகிற தூரம்தான். நல்ல நாள் பார்த்துப் போகலாம் என்று தள்ளாதீர்கள், இதில் ஒரு வாரம் என்பது பெரிய காலம். சில நாளிலேயே வயிறு திடீரென்று பெருத்து, தோல் மின்னும் அளவுக்கு இறுகி, மூச்சு வாங்கினால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.

12. இதயத்துல வெள்ளைப் புள்ளி இருக்குதாம். ராத்திரி தூக்கமே வரல.

தூங்குங்கள். இதயத் தசையில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று தெரிவது அது. இதயக் கோளாறு கிடையாது. மூளையில் சின்ன நீர்க்கட்டி என்று எழுதுவதும் இந்த வகைதான், பெரும்பாலும் சில வாரத்தில் தானே மறைந்துவிடும். மற்ற உறுப்பெல்லாம் சரியாக இருந்து, மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையும் கழுத்து நீர் அளவும் நன்றாக இருந்தால் இந்தப் புள்ளிக்கு மதிப்பே இல்லை. அந்தப் பரிசோதனை செய்யாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரே நஞ்சு ரெட்டைக்கும் சோதனைக் குழாய் முறையில் கருத்தரித்தவர்களுக்கும் இதயத்துக்கென்று தனியாக எக்கோ எழுதுவதுண்டு. இதயக் குறை அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருவதால் அப்படி. எழுதிவிட்டார்கள் என்பதாலேயே குறை இருப்பதாக எண்ண வேண்டாம்.

13. கர்ப்பவாய் சின்னதா இருக்குதுன்னாங்க. தையல் போடணுமா? படுத்தே கெடக்கணுமா?

அஞ்சாம் மாத ஸ்கேனில் கர்ப்பவாயின் நீளத்தையும் அளப்பார்கள். கீழ்வழியாக அளப்பதே சரியான அளவு. வலிக்காது, பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகாது. கூச்சமாக இருந்தால் பெண் மருத்துவரைக் கேட்கலாம். 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைந்தால் பிரசவம் முந்தும் வாய்ப்பு கூடுதல் என்று அர்த்தம், நாளைக்கே பிறந்துவிடும் என்று அர்த்தமில்லை.

ஒற்றைப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி ரெட்டைக்கெல்லாம் தையல் போடுவதில்லை. சிலருக்குப் புரோஜெஸ்டிரான் மருந்து வைக்கச் சொல்வார்கள். வாய் மிகவும் குறுகியோ திறந்தோ இருந்தால் தையலை யோசிப்பார்கள். உங்கள் அளவை வைத்து மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு அது. பக்கத்து வீட்டுக்காரிக்குப் போட்டார்கள் என்று நீங்களும் கேட்க வேண்டாம். நாள் முழுதும் படுத்தே கிடப்பதால் பிரசவம் தள்ளிப்போவதாக ஆய்வுகள் காட்டவில்லை. காலில் ரத்தம் உறைவதுதான் மிச்சம். பாரம் தூக்காமல், தூரப் பயணம் இல்லாமல், வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு இருங்கள்.

14. ஒரு பாப்பாவுக்குக் குறை இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. இன்னொண்ணு நல்லா இருக்குதாம். இப்ப நாங்க இன்னா பண்றது?

அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். இன்னொரு அனுபவமுள்ள நிபுணர் மறுபடி பார்க்கட்டும். குறைகள் பல விதம். பிறந்த பிறகு ஒரு அறுவையில் சரியாவது உண்டு. உதடு பிளவும் மடங்கிய பாதமும் அப்படித்தான். பிழைக்கவே வாய்ப்பில்லாததும் உண்டு. குழந்தை அறுவை மருத்துவரோடும் பேசிவிட்டால் உங்களுக்கு முழுப் படம் கிடைக்கும்.

கடுமையான குறை என்றால் அந்தப் பிள்ளையின் வளர்ச்சியை மட்டும் நிறுத்துவது பற்றிக் குடும்பங்கள் கேட்பதுண்டு. 2021 திருத்தத்துக்குப் பின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடும், குறிப்பிட்ட காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும் அனுமதிக்கிறது. 24 தாண்டினால் பெரிய குறைக்கு மாநில மருத்துவ வாரியம் முடிவு செய்யும். ரெட்டையில் அதைச் செய்யும் முறை நஞ்சைப் பொறுத்தது. இரண்டு நஞ்சு என்றால் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றுக்குப் போகாது. ஒரே நஞ்சு என்றால் போய்விடும், அதனால் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை அடைக்கும் வேறு முறைதான், அதுவும் சிறப்பு மையத்தில்தான். வேண்டாம், இரண்டையும் சுமக்கிறேன் என்பதும் முழு உரிமையுள்ள முடிவு. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எங்கள் அறையில் அவர்களுக்கு ஒரே மரியாதைதான்.

15. ரெண்டு துடிப்புன்னு சொன்னாங்க. இப்ப ஒண்ணுதான் துடிக்குதாம்.

நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. படி ஏறியதாலோ, டவுன் பஸ்ஸில் வந்ததாலோ, கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ இல்லை. முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு கரு தானே கரைந்து போவது நிறையப் பேருக்கு நடக்கிறது. மீதிப் பிள்ளை பெரும்பாலும் நன்றாக வளரும்.

அஞ்சாம் மாதத்தில் நடந்தால், இரண்டு நஞ்சு உள்ளவர்களுக்கு மீதிப் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. ஒரே நஞ்சு என்றால் உயிரோடு இருக்கும் பிள்ளையின் ரத்தம் சட்டென்று மறுபக்கம் இறங்கியிருக்கக்கூடும். அதன் மூளையைச் சில வாரம் கழித்து விவரமாகப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வீட்டில் இருப்பவர்களே, "ஒண்ணாவது இருக்குதே" என்று மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். போன பிள்ளைக்காக அவள் அழ வேண்டும்.

16. எல்லாம் நார்மலுன்னு வந்துடுச்சி. இனிமே பிரசவத்துக்குத்தானே ஸ்கேன்?

இல்லை. இரண்டு நஞ்சு என்றால் 4 வாரத்துக்கு ஒரு தடவை. ஒரே நஞ்சு என்றால் 16 வாரம் முதலே 2 வாரத்துக்கு ஒரு தடவை. 11ஆவது பதிலில் சொன்ன சிக்கல் 14 நாளுக்குள் உருவாகிவிடக்கூடியது, இன்றைய நார்மல் இன்றைக்குத்தான். போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போகிறது என்பது தெரியும். பீடி சுற்றுகிற, தோல் தொழிற்சாலைக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய தொகை. அரசு மருத்துவமனையில் ஸ்கேன் இலவசம். தனியாரில் ரெட்டைக்குக் கூடுதலாக வாங்கும் இடங்கள் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம், தேதியைத் தள்ள வேண்டாம்.

ஸ்கேனோடு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டும் ரெட்டைக்குக் கூடுதலாக வரும்.

17. எனக்கு மூணு புள்ளைங்க. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கண்டிப்போடு. மூன்றில் இரண்டு பேர் ஒரு நஞ்சைப் பகிர்ந்து, மூன்றாவது தனியாக இருப்பதும் உண்டு. அப்போது அந்த இரண்டு பேருக்கும் 11ஆவது பதில் அப்படியே பொருந்தும். கருவியல் நிபுணர் உள்ள இடத்திலேயே முதலிலிருந்து கடைசிவரை பாருங்கள்.

18. ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டு அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அம்மா வூடு ஒடுகத்தூருக்கு மேல மலையில. போலாமா?

வளைகாப்பு தாராளமாக வையுங்கள். உட்கார்ந்தபடி, வெயிலுக்கு முன், சீக்கிரம் முடியட்டும். அஞ்சாம் மாத ஸ்கேன் முடிந்ததுமே தேதியை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மலைக்குப் போவதற்கு மட்டும் நான் ஒப்ப மாட்டேன். ரெட்டையில் பாதிப் பேருக்குமேல் 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகிறது. சிக்கல் இல்லாவிட்டாலும் இரண்டு நஞ்சுக்கு 37, 38 வாரத்திலும் ஒரே நஞ்சுக்கு 36, 37 வாரத்திலும் பிரசவத்தைத் திட்டமிடுவார்கள். குறைமாதப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு உதவி தேவைப்படலாம். பச்சிளம் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற இடத்தில்தான் பிரசவம் நடக்க வேண்டும். நமக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. வலி வந்த பிறகு மலையிலிருந்து இறங்கி வருவது இரண்டு உயிரோடு விளையாடுவது. அம்மாவைக் கீழே வரச் சொல்லுங்கள். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் கடைசி இரண்டு மாதம் அங்கே தங்கலாம். அம்மா எங்கே இருக்கிறாரோ அதுவே அம்மா வீடு.

19. எனக்கு 23 வாரம் ஆயிடுச்சி. அஞ்சாம் மாச ஸ்கேனே எடுக்கல. இப்ப போனா திட்டுவாங்களா?

திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், போகாமல் இருந்துவிடாதீர்கள். உறுப்புகளை இப்போதும் பார்க்கலாம். இதயம் இன்னும் நன்றாகவே தெரியும். எடை வித்தியாசம், நீர், கர்ப்பவாய் எல்லாம் இப்போதும் பார்க்க வேண்டியவை. லேசர் சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் நேரம் இருக்கிறது. 14ஆவது பதிலில் சொன்ன 24 வார எல்லை ஒரு வாரத்தில் வந்துவிடும் என்பதால், நாளை காலையிலேயே கிளம்புங்கள்.

உங்கள் பகுதிச் செவிலியரிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். பிக்மி எண் இல்லை என்றால் அவரே போட்டுத் தருவார். ஆதாரும், இதுவரை எடுத்த எந்த ஸ்கேன் காகிதமாக இருந்தாலும் அதுவும் பையில் இருக்கட்டும். கசங்கிப்போனதும் சரி, போனில் எடுத்த படமும் சரி. ரத்தப்போக்கு, நீர் கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுவது, கடும் தலைவலி, கண் மங்குவது இவற்றில் ஒன்று இருந்தால் காலை வரை பொறுக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.